அட்டையில் இரண்டு படம்

தையலக்காவுக்குப் பொறாமை உண்டு என்று சொன்னால் அவளோடு ஒரே அறையில் உட்கார்ந்து தைக்கிற இரண்டு பெண்களும் சிரிப்பார்கள். துணிக்கடையின் பின்கட்டில், ஜன்னலை ஒட்டி மூன்று மிஷின்கள். வருஷம் பூராவும் பள்ளிக்கூடச் சீருடை. முதலாளி பக்கத்து மிஷினுக்கு மட்டும் புது மோட்டார் வாங்கிப் பொருத்தியபோது, "நல்லதாப் போச்சு, உன் முழங்காலாவது பிழைக்கட்டும்" என்று மனசார வாழ்த்தியவள் அவள். அந்தப் பெண் சொந்த வீடு கட்டிக் குடிபோனபோது எல்லா ஜன்னலுக்கும் திரைச்சீலை தைத்துக் கொடுத்தாள். அடுத்தவர் நன்றாக இருந்தால் தையலக்காவுக்கு ஒரு குறையும் இல்லை.

விஷயம் என்னவென்றால், அவள் பொறாமையைச் சில்லறை சில்லறையாகச் செலவழிக்கிற ஆளில்லை. மொத்தத்தையும் ஒரே ஒருத்திக்கென்று எடுத்து வைத்திருந்தாள். அந்த ஒருத்தி கூடப்பிறந்த தங்கை.

மகளுக்கு இரண்டு வயதாக இருந்தபோது தையலக்காவுக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்தது. தையல் போட்ட இடத்தில் சீழ் பிடித்து, ஒரு வாரம் என்று போனவள் மூன்று மாதம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள். வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர், ஒரு நடை கிளம்பினால் திரும்ப இருபது நாளாகும். லேப் டெக்னீஷியன் படிப்பில் சேர்ந்திருந்த தங்கைதான் படிப்பைத் தள்ளிவைத்துவிட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொண்டாள். தையலக்கா வீடு திரும்பிய அன்று வாசலிலேயே இரண்டு கையையும் நீட்டினாள். குழந்தை சித்தியின் முழங்காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "நீ போ" என்றது.

அப்படியே பதினோரு நாள். தங்கை சோறு ஊட்டினால் வாய் திறக்கும். பெற்றவள் ஊட்டினால் துப்பும். பன்னிரண்டாம் நாள் தங்கை படிப்பைத் தொடர ஊருக்குப் போனாள். அன்று சாயங்காலம் குழந்தை தானாக வந்து தையலக்காவின் மடியில் ஏறிப் படுத்தது. அன்றைக்கு அவள் பட்ட சந்தோஷத்துக்கு அளவே இல்லை. ஆனால் மறுநாளே ஒரு சந்தேகமும் வந்து உட்கார்ந்துகொண்டது. குழந்தை அம்மா வேண்டுமென்று வந்ததா, வேறு ஆள் இல்லையே என்று வந்ததா? தங்கை பக்கத்தில் நின்றிருந்தால் யாரிடம் போயிருக்கும்? பதினாறு வருஷமாக இதற்கு விடை தெரியவில்லை.

தங்கை படிப்பை முடித்து வேறு ஊரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. கேட்டால் "நேரமே இல்லை அக்கா" என்பாள். லீவு கிடைத்தால் மட்டும் அடுத்த பஸ்ஸில் வந்து நிற்பாள், கையில் ஒரு பையோடு. பையில் கடையில் வாங்கிய ஒரு கவுன் இருக்கும். ஊரில் பாதிப் பிள்ளைகளின் முதுகில் தன் தையலைப் பார்க்கிற தையலக்காவின் மகள், அந்தக் கடைக் கவுனைப் போட்டுக்கொண்டே தூங்குவாள். தையலக்கா அதைத் துவைக்கும்போது மடிப்புத்தையலைத் திருப்பிப் பார்ப்பாள். "நூலை எண்ணி எண்ணிப் போட்டிருக்கான் கஞ்சப்பய" என்று கடைக்காரனைத் திட்டுவாள். திட்டு யாருக்கு என்பது கவுனுக்கே தெரியும்.

இன்னொன்று பெயர். வீட்டில் எல்லாருக்கும் அவள் பாப்பா. தங்கை மட்டும் "சிட்டு" என்பாள். "பாப்பா" என்று நாலு தரம் கத்தினால் "என்னம்மா" என்று குரல் மட்டும் வரும். "சிட்டு" என்று ஒரு தரம் கேட்டால் ஆளே ஓடி வரும்.

இப்படி இருக்கும்போது மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது. எந்த ஊரில்? தங்கை இருக்கிற அதே ஊரில்.

கடிதம் வந்த அரை மணி நேரத்தில் தங்கையின் போன் வந்துவிட்டது. "ஹாஸ்டல் எதுக்கு அக்கா? என் வீட்ல ஒரு ரூம் சும்மாத்தானே கிடக்கு. சிட்டு என்கூடவே இருக்கட்டுமே."

"அதெல்லாம் சரிப்படாது," என்றாள் தையலக்கா. "நாலு பேரோட பழகணும். சொந்தக்காரங்க வீட்ல இருந்தா செல்லம் அதிகமாகிப் படிப்பு கெட்டுப்போகும்." இவ்வளவு பெரிய கல்விச் சிந்தனை தனக்குள் இருந்தது அவளுக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

கல்லூரியிலிருந்து ஒரு சின்னப் புத்தகமும் வந்திருந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மிஷின் மேலேயே வைத்து அதை வரி விடாமல் படித்தாள். மூன்று ஹாஸ்டல்கள், எது வேண்டுமோ பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். முதலாம் ஆண்டு மாணவிகள் முதல் மூன்று மாதம் தனியாக வெளியே போகக் கூடாது. ஒவ்வொரு மாணவிக்கும் ஒரு பார்வையாளர் அட்டை. அதில் இரண்டு படத்துக்குத்தான் இடம். அந்த இரண்டு பேரைத் தவிர வேறு யாரும் கேட்டைத் தாண்டி உள்ளே வர முடியாது.

இரண்டு பேர்! தையலக்கா சாப்பாட்டை மறந்து மனசுக்குள் தைக்க ஆரம்பித்தாள். ஒன்று அம்மா. இன்னொன்று? உள்ளூரில் இருக்கிற சித்தி என்று எல்லாரும் சொல்வார்கள், நியாயமும் அதுதான். ஆனால் பிள்ளைக்குத் தகப்பன் என்று ஒருவர் இருக்கிறாரே!

உடனே லாரிக்காரருக்குப் போன் போட்டாள். "உங்க போட்டோ ஒண்ணு வேணும். பாப்பா ஹாஸ்டல் அட்டையில ஒட்டணும்."

"எனக்கெதுக்கு? நான் அந்தப் பக்கம் வண்டி ஓட்டுறதே இல்லையே."

"ஓட்டலேன்னா என்ன? பெத்தவர் இல்லையா நீங்க?"

"அந்த ஊருக்கு வழி கூடத் தெரியாதே எனக்கு. உன் தங்கச்சி போட்டோவ ஒட்டினா..."

"லைசென்ஸுக்கு எடுத்தது ரெண்டு மீதி இருக்கு. நானே எடுத்துக்கறேன்." போனை வைத்துவிட்டாள்.

ஹாஸ்டல் பார்க்கப் போன அன்று பஸ் நிலையத்தில் தங்கை அரை நாள் லீவு போட்டுக் காத்திருந்தாள். மகள் பஸ் படியில் இருந்தே குதித்து ஓடினாள். தையலக்கா இரண்டு பைகளையும் தானே தூக்கிக்கொண்டு இறங்கினாள்.

அந்த ஊரில் தங்கையோடு தெருவில் நடப்பது ஒரு தனிக் கழுத்தறுப்பு. எதிரே வருகிற ஒவ்வொருவரும் வணக்கம் சொல்வதற்குப் பதில் முழங்கையை மடக்கிக் காட்டிச் சிரித்தார்கள். ஊரே அவளிடம் ரத்தம் கொடுத்த ஊர். "மேடம் கை பட்டா எறும்பு கடிச்ச மாதிரிகூட இருக்காது" என்று மருந்துக்கடைக்காரர் வெளியே வந்து சொன்னார். "கேட்டியாம்மா?" என்று மகள் பூரித்துப்போனாள். "கேட்டேன், கேட்டேன்" என்றாள் தையலக்கா.

முதல் ஹாஸ்டல் தங்கையின் பரிசோதனை நிலையத்துக்குப் பின்தெருவிலேயே இருந்தது. புதுக் கட்டடம். அறைக்கு இரண்டு கட்டில், பூட்டோடு அலமாரி, மேஜைக்கு நேர் மேலே விளக்கு. கல்லூரி வேன் வாசலிலேயே வந்து ஏற்றிக்கொள்ளும். மகள் மெத்தையில் உட்கார்ந்து எழுந்து மறுபடி உட்கார்ந்து பார்த்தாள். வார்டன் தங்கையைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார். தங்கை அக்காவின் காதில், "இவங்க சுகர் எனக்கு அத்துப்படி. நான் சொன்னா எதுவும் தட்ட மாட்டாங்க" என்றாள், உதவியாகத்தான்.

தையலக்கா ஜன்னல் திரையை இரண்டு விரலால் தூக்கினாள். "ஓரம் அடிக்கவே இல்ல பாரு. திரைக்கே இந்தக் கவனிப்புன்னா பிள்ளைங்கள எப்படிக் கவனிப்பாங்க? ரோட்டுச் சத்தம் வேற."

இரண்டாவது கடைத்தெருவுக்குள் ஒரு தனியார் ஹாஸ்டல். தங்கையின் வீட்டிலிருந்து நடந்தால் எட்டு நிமிஷம். மொட்டை மாடியில் துணி காயப்போட இடம், ஒவ்வொரு மாடியிலும் வெந்நீர். சமையல்கார அம்மா கரண்டியோடு வெளியே வந்து முழங்கையை மடக்கிக் காட்டினார். அதைப் பார்த்ததுமே தையலக்காவுக்கு முடிவு தெரிந்துவிட்டது. "மாடிப்படி ரொம்பச் செங்குத்தா இருக்கு. மழையில வழுக்கினா யார் பாக்கறது?"

"கைப்பிடி இருக்கே அக்கா."

"கைப்பிடி ஆடுது." ஆட்டிக் காட்டினாள். தையல் மிஷினை முப்பது வருஷம் மிதித்த உடம்பு; அவள் ஆட்டினால் எந்தக் கைப்பிடியும் ஆடத்தான் செய்யும்.

மூன்றாவது கல்லூரி மதிலுக்குள்ளேயே இருந்த பழைய ஹாஸ்டல். கல்லூரி ஊருக்கு வெளியே, இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். இறங்கி நடந்தபோது ஒருவரும் முழங்கையை மடக்கிக் காட்டவில்லை. தையலக்காவுக்கு அந்த இடம் காலை வைத்த உடனே பிடித்துவிட்டது. அறைக்கு நான்கு கட்டில். சுவரில் ஈரம் ஏறி வண்ணம் உரிந்திருந்தது. குழாயை மூடினாலும் சொட்டியது. அலமாரிக் கதவு சாத்தினால் திறந்துகொண்டது, அறையில் முன்பு இருந்த பெண் காகிதத்தை மடித்துச் சொருகி வைத்திருந்தாள்.

"நல்லாக் காத்து வருது," என்றாள் தையலக்கா வாயெல்லாம் பல்லாக. "வகுப்புக்கு ரோட்டைக் கூடத் தாண்ட வேண்டாம். பழைய கட்டடம்னா பழைய கட்டடம்தான், சுவரைப் பாரு எவ்வளவு கனம்!"

மகள் ஜன்னலைத் திறந்து கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு திரும்பி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். "இதுவே இருக்கட்டும்மா" என்றாள்.

அலுவலகத்தில் குமாஸ்தா அட்டையை நீட்டினார். "ரெண்டு போட்டோ ஒட்டுங்க. ஒரு நேரத்துல ஒருத்தர்தான் உள்ள போகலாம், அட்டையும் ஒண்ணுதான். சனிக்கிழமை நாலுல இருந்து அஞ்சரை வரைக்கும்."

தங்கை கைப்பையைத் திறந்து உள்ளே எதையோ தேடினாள். அதற்குள் தையலக்கா தன் பையிலிருந்து இரண்டு படங்களை எடுத்து, எப்போதும் கூடவே வைத்திருக்கிற குட்டிக் கத்தரிக்கோலால் கட்டத்துக்குச் சரியாக நறுக்கி, முதல் கட்டத்தில் தன்னையும் இரண்டாவது கட்டத்தில் லாரிக்காரரையும் ஒட்டிவிட்டாள். பசையை இரண்டு பங்கு தடவி, கட்டை விரலால் அழுத்தித் தேய்த்தாள். "பெத்தவங்க ரெண்டு பேருக்கும்தான் முதல்ல உரிமை, இல்லையா சார்?" குமாஸ்தாவுக்கு என்ன வந்தது, தலையாட்டினார்.

தங்கை கைப்பையை மூடினாள். "ஆமா அக்கா, அதுதான் சரி" என்றாள். கைக்குட்டை தேடியிருப்பாள் என்று தையலக்கா நினைத்துக்கொண்டாள்.

அடுத்த ஒரு மாதம் மிஷின் அறையில் தையலக்கா வாய்க்குள் பாட்டு முணுமுணுத்தாள். இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தினமும் சாயங்காலம் மகள் போன் பண்ணுவாள். சாப்பிட்டேன், படிக்கிறேன், எல்லாம் நல்லா இருக்கு. கடைசியில் தையலக்கா சும்மா கேட்பதுபோல் கேட்பாள்: "சித்தி வந்தாளா?"

"எப்படிம்மா வருவா? உள்ள விட மாட்டாங்களே."

"அய்யோ பாவம்" என்று சொல்லிவிட்டு இன்னும் இரண்டு சட்டை கூடுதலாகத் தைப்பாள்.

ஐந்தாவது வாரம் ஒரு நாள் மகளின் குரல் கம்மியிருந்தது. ஜலதோஷம் என்றாள். பேசி முடித்து வைக்கப்போகிற நேரத்தில், போனுக்குப் பக்கத்தில் இன்னொரு குரல் தெளிவாகக் கேட்டது: "சிட்டு, கழுத்த நல்லா மூடிக்கோ."

தையலக்காவின் கால் மிஷின் மிதியின் மேல் அப்படியே நின்றுபோனது. உள்ளே விட மாட்டார்கள் என்றால் இந்தக் குரல் எங்கிருந்து வருகிறது? அப்படியென்றால் இவள்தான் வெளியே போகிறாள். ஹாஸ்டலை ஏமாற்றிவிட்டு, அம்மாவையும் ஏமாற்றிவிட்டு, சித்தி வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டு, அங்கிருந்தே அம்மாவுக்குப் போன்! வயிறு எரிந்தது என்றால் வெறும் பேச்சுக்கு இல்லை. அறுவை சிகிச்சை செய்த தழும்புக்கு அடியில் உண்மையாகவே எரிந்தது. கையும் களவுமாகப் பிடிக்காவிட்டால் நான் நானில்லை என்று முடிவு கட்டினாள்.

சனிக்கிழமை ஒருவருக்கும் சொல்லாமல் கிளம்பினாள். ஒப்புக்கு ஒரு புது உடுப்புத் தைத்து எடுத்துக்கொண்டாள். ஆறு மணி நேரப் பஸ். அங்கே இரண்டு பஸ் மாறி ஹாஸ்டல் கேட்டுக்கு வந்தபோது மூன்று மணி. இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. கேட்டுக்கு வெளியே மரத்தடியில் ஒரு சிமெண்டுப் பெஞ்சு. உட்கார்ந்தாள். அட்டையைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டாள். யாருடைய அம்மா என்று இப்போதே சொல்வானேன்? கொஞ்சம் விசாரித்துவிட்டுச் சொல்லலாம்.

கேட்டுக் காவலாளிக்குச் சும்மா இருக்காத வாய். கேட்ட ஒரு கேள்விக்கு ஒன்பது பதில் வந்தது.

"இங்க ரூல்ஸ் ரொம்பக் கண்டிப்பும்மா. ஒரு பிள்ளை வெளிய போக முடியாது. நான் இருக்கேனே!"

"ஒருத்தி கூடவா? சும்மா சொல்லாதீங்க."

"என் கண்ணுல மண்ணைத் தூவிட்டுப் போயிருவாங்களா? அட, ஒரு அம்மா, பெத்த தாயி, அவங்களையே உள்ள விட முடியல. வாரத்துல மூணு நாள் வேலை முடிச்சுட்டு ரெண்டு பஸ் பிடிச்சு வருவாங்க. அந்தப் பொண்ணு கிளாஸ் விட்டு வந்து உள்ள நிக்கும், அவங்க வெளிய நிப்பாங்க. நடுவுல இந்தக் கேட்டு. அரை மணி பேசிட்டுப் போவாங்க. இந்தப் பெஞ்சுல கூட உக்கார மாட்டாங்க."

"ஏன் உள்ள விடல?"

"அட்டையில அவங்க போட்டோ இல்ல. யாரோ ஒரு ஆம்பள போட்டோவும் இன்னொரு பொம்பள போட்டோவும் ஒட்டியிருக்காம். ஆபீஸ்ல ஏதோ குளறுபடி போல. அந்த ஆம்பள இதுவரைக்கும் தலையைக் கூடக் காட்டல. பெத்தவ நடுரோட்ல நிக்கறா!"

"அந்தப் பொண்ணு பேரென்ன?"

"முழுப் பேரு தெரியாது. அவங்க சிட்டு, சிட்டுன்னு கூப்பிடுவாங்க."

பெஞ்சின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள் தையலக்கா. பெத்த தாயி! எவ்வளவு கூசாமல் சொல்கிறான் இவன். "அது அம்மாதான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள், குரல் கொஞ்சம் உயர்ந்தே வந்தது.

"இதைச் சொல்லணுமாக்கும்? போன வாரம் அந்தப் பொண்ணுக்குக் காய்ச்சல். மூணு நாளா நிக்கல. இங்க டாக்டர் புதன்கிழமைதான் வருவாரு. அந்தம்மா வந்து பார்த்துட்டு, உடனே ரத்தம் டெஸ்ட் பண்ணணும்னாங்க. உள்ளயும் விட மாட்டோம், பிள்ளையையும் வெளிய அனுப்ப மாட்டோம்னு வார்டன் அம்மா ரூல் பேசினாங்க. அதுக்கு இவங்க கேட்டாங்க பாருங்க ஒரு கேள்வி: 'ஆள்தானே வெளிய வரக் கூடாது? கை வரலாமில்ல?'" காவலாளி எழுந்துபோய் கேட்டின் கம்பிகளுக்கு நடுவே தன் கையை நுழைத்துக் காட்டினார். "இந்தா, இப்படி அந்தப் பொண்ணு கையை நீட்டிச்சு. சாரல் அடிச்சுது, நான்தான் குடை பிடிச்சேன். அவங்க பையில இருந்து ஊசி, குப்பி எல்லாம் எடுத்து, நின்னுக்கிட்டே எடுத்தாங்க. அந்தப் பொண்ணு 'வலிக்கவே இல்ல'ன்னு சிரிக்குது. எடுக்கற வரைக்கும் அவங்க கை அசையலம்மா. எடுத்து மூடி பையில போட்டதுக்கு அப்புறம் நடுங்குச்சு பாருங்க! பஸ்ஸுல ஏறக் கம்பியப் பிடிக்க முடியல. பெத்தவளத் தவிர யாருக்கு அப்படி நடுங்கும்?"

தையலக்கா பைக்குள் கையை விட்டாள். மூன்று நாள் காய்ச்சல். ஜலதோஷம் என்று சொன்னாளே. பையிலிருந்த அட்டை விரலில் தட்டுப்பட்டது. லாரிக்காரர் படத்தின் மூலைகூடப் பெயரவில்லை.

நாலு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது சாலை முனையில் தங்கை வந்தாள். கையில் சூப் வைத்த பிளாஸ்க். பெஞ்சில் இருப்பது யார் என்று தெரிந்ததும் அவள் முகம் வெளிறிப்போனது. திருடியவள் மாட்டிக்கொண்டதுபோல் பிளாஸ்க்கை முதுகுப்பக்கம் கொண்டுபோனாள்.

"அக்கா... நீ எப்போ... நான் இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேன்."

தையலக்கா எழுந்து நின்றாள். அதற்குள் மணி அடித்தது. ஹாஸ்டல் படியில் மகள் இறங்கி வந்துகொண்டிருந்தாள், இளைத்துப்போய், கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு. கேட்டுக்கு வெளியே அக்காவும் தங்கையும் பக்கத்துப் பக்கத்தில் நின்றார்கள். பதினாறு வருஷமாகத் தெரியாமல் இருந்தது இதோ தெரியப்போகிறது. யாரை முதலில் கூப்பிடுவாள்?

மகள் நின்றாள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "அம்மா!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தாள். சித்தி என்று ஒருத்தி நிற்பதையே அவள் பார்க்கவில்லை. கம்பிகளுக்கு நடுவே இரண்டு கையையும் நுழைத்து அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அம்மா, அம்மா" என்று அழுதாள்.

ஜெயித்துவிட்டாள் தையலக்கா. தலைகால் புரியாத சந்தோஷம். அந்த சந்தோஷத்தோடேயே தலையைத் திருப்பித் தங்கையைப் பார்த்தாள். பார்க்காமல் எப்படி இருப்பாள்? தங்கை இரண்டடி பின்னால் தள்ளி நின்றிருந்தாள். சிரித்துக்கொண்டுதான் நின்றாள். ஆனால் பிளாஸ்க்கை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டே இருந்தாள்.

தையலக்கா அட்டையை எடுத்துக் காட்டினாள். காவலாளி படத்தையும் முகத்தையும் பார்த்துவிட்டு, "நீங்கதானா அது?" என்று கேட்டுக்கொண்டே கேட்டைத் திறந்தார், அவள் உள்ளே போனதும் மறுபடி பூட்டினார். அவள் ஆசைப்பட்டது அப்படியே நடந்திருந்தது. அம்மாவும் மகளும் உள்ளே, தங்கை வெளியே.

இரண்டு பேரும் படியில் உட்கார்ந்தார்கள். மகளின் முழங்கை மடிப்பில் சின்னதாக ஒரு புள்ளி, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும். தையலக்கா அதைத் தடவினாள்.

"காய்ச்சல்னு ஏன் என்கிட்ட சொல்லல?"

"சித்திதான் வேணாம்னா. நீ அங்கிருந்து தவிச்சுப்போவேன்னு. அவ கேட்டுக்கு வெளிய நிக்கறதையும் சொல்லக் கூடாதுன்னா, உனக்கு மனசு கஷ்டமாயிருமாம்."

இதிலும் அவளே நல்லவளாகிவிட்டாள். தையலக்கா பல்லைக் கடித்தாள். "சரி, இந்த ஹாஸ்டலை நீ ஏன் பிடிச்சிருக்குன்னு சொன்னே? அலமாரி கூடச் சாத்த மாட்டேங்குதே."

மகள் அம்மாவைப் பார்த்தாள். "அன்னைக்கு நீ மூணு ஹாஸ்டல் பாத்தே. இங்க மட்டும்தானேம்மா சிரிச்சே."

தையலக்கா எழுந்து நேராக அலுவலகத்துக்குப் போனாள். இரண்டாவது படத்தை மாற்ற வேண்டும் என்றாள். குமாஸ்தா ஒரு படிவத்தை எடுத்துப் போட்டார். லாரிக்காரரைப் பிய்த்து எடுக்கப் பார்த்தாள், வரவில்லை. கத்தரிக்கோல் முனையால் நெம்பினாள், வரவே இல்லை. அன்றைக்குத் தடவிய பசை அப்படி.

"அது மேலயே ஒட்டுங்கம்மா" என்றார் குமாஸ்தா. "புதுப் போட்டோ எங்க?"

தையலக்கா கேட்டுக்கு வந்து கம்பி வழியாகக் கையை நீட்டினாள். "போட்டோ இருக்கா உன்கிட்ட? அட்டையில ஒட்டணும்."

தங்கைக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கைப்பையைத் திறந்தாள். உள்பக்கத்துச் சின்ன அறையில், ஸ்டுடியோ உறையோடு மூன்று படங்கள் இருந்தன. உறையின் மேல் தேதி எழுதியிருந்தது, ஹாஸ்டல் பார்க்க வந்ததற்கு முதல் நாள்.

"அன்னைக்கே எடுத்துட்டு வந்தேன் அக்கா. நீ முந்திக்கிட்டே" என்றாள் தங்கை. அதில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் தையலக்காவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

படத்தைக் கட்டத்துக்குச் சரியாக நறுக்கினாள். பிசிறு இல்லை. வேலையில் அவள் யாரையும் வஞ்சித்ததில்லை. படிவத்தில் "உறவு" என்ற இடத்தில் பேனாவை அழுத்திப் பிடித்து, கொட்டை எழுத்தில் "சித்தி" என்று எழுதினாள். அடியிலிருந்த இரண்டு தாளிலும் எழுத்து பதிந்தது.

அட்டை ஒன்றுதான். ஒரு நேரத்தில் ஒருவர்தான். மணி ஐந்து ஆகியிருந்தது. தையலக்கா வெளியே வந்து அட்டையைத் தங்கையின் கையில் கொடுத்தாள். "பத்து நிமிஷம். அப்புறம் நான் போகணும்."

"நீ ஆறு மணி நேரம் பஸ்ல வந்திருக்கே அக்கா..."

"போன்னா போ. சூப் ஆறிடப்போகுது."

தங்கை உள்ளே போனாள். மகள் ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டு, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஹாஸ்டலுக்குள் போனாள், கட்டிலைக் காட்ட, சாத்தாத அலமாரியைக் காட்ட. இரண்டாவது மாடி ஜன்னலில் இரண்டு தலைகள் தெரிந்தன. ஏதோ சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அப்படி என்ன சிரிப்பு? தையலக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள். பெஞ்சில் உட்காரத் தோன்றவில்லை.

"அவங்க சித்தி," என்றாள் காவலாளியிடம், திரும்பாமல். "நான்தான் அம்மா. ஞாபகம் வச்சுக்கோங்க."

"சரிம்மா."

கொஞ்ச நேரம் கழித்து அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார். "பத்து நிமிஷம் ஆச்சும்மா. கூப்பிடட்டுமா அவங்கள?"

மேலே ஜன்னலில் தங்கை மகளின் கழுத்துத் துணியை அவிழ்த்துச் சரியாகச் சுற்றிவிட்டுக்கொண்டிருந்தாள். தையலக்காவுக்கு வயிறு எரிந்தது, பழைய இடத்திலேயே, பழைய மாதிரியே.

"வேணாம்," என்றாள். "இருந்துட்டு வரட்டும்."